சிவப்பு பல்ப் எரிந்தால் திறக்கக் கூடாது

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் ஒரே அச்சு. இரண்டு பக்கமும் மதில், மதிலுக்கு மேல் உடைந்த போத்தல் துண்டுகள், முடிவில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். நேசமலருக்கு அந்த ஒழுங்கை நன்றாக நினைவிருந்தது. இருந்தும் முடக்கில் இளநீர் விற்றவரிடம் வழி கேட்டாள். முதன்முறையாக வருகிறவள் வழி கேட்கத்தானே வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் பார்த்து, கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதித்து ஏற்றிவிட்டார்கள். பையில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் முழுவதும் அவளுடைய நெஞ்சுக்குள் இருந்தது.

அவளுடைய தம்பி எட்மன், அவள் தேடிப்போகும் வீட்டுக்குப் பாட்டுப் பதிவில் தபேலா வாசிக்க வந்துபோனவன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நாள் வந்தான், திரும்பவில்லை. மறுநாள் வெள்ளவத்தையில் ஆமியும் பொலிஸும் வீடுவீடாகச் சுற்றிவளைத்த ரவுண்டப் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள். பொலிஸிலும் இல்லை என்றார்கள், முகாம்களிலும் இல்லை என்றார்கள். வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தபோது, "அண்டைக்கு எட்மன் இஞ்ச வரேல்லைத் தங்கச்சி, நாங்கள் றெக்கோடிங்கே வைக்கேல்லை" என்றார்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே பாட்டுப் பதிகிறவர்களில் ஒருவன் எட்மனைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். யார் என்று தெரியவேண்டும். அதற்காகத்தான், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் ஒருத்தி என்று மட்டும் சொல்லிக்கொண்டு, எட்மனின் அக்கா என்பதை மறைத்து, பாட வந்திருக்கிறாள்.

கதவைத் திறந்தவன் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றான்.

"பாட வந்த மிஸ்ஸா? வாங்க, வாங்க. ரயில் போகு முட்டும் ஒரு வேலையும் நடக்காது. முதல்ல ஒரு தேத்தண்ணி குடிங்க."

அவன்தான் ஸவாஹிர். பாமன்கடையில் வீடு, பகலில் மாமனாரின் துணிக்கடை, மிச்ச நேரமெல்லாம் கீபோர்ட். வாய் ஓயாத மனிதன். வாய் ஓயாதவர்கள் எதையும் யாரிடமும் சொல்லிவிடுவார்கள் என்று நேசமலர் முதல் குறிப்பை மனதில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்காரர் நாகேந்திரம் ஓர் ஒடிசலான மனிதர். கொள்ளுப்பிட்டியில் ஏதோ கம்பனியில் வேலை. மனைவி பிள்ளைகள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். கல்யாண வீடுகளில் இந்தியப் படப்பாட்டு வாசித்து வாசித்துச் சலித்துப்போனவர்.

"இது முழுக்க எங்கட பாட்டு, பிள்ளை. சொல்லும் எங்கட, மெட்டும் எங்கட. ஒண்டும் அங்க இங்க சுட்டதில்லை. இந்தக் கசட் ஒண்டு வந்திட்டுதெண்டால் எனக்குக் காணும்" என்றார். சொல்லும்போது அவளுடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முந்தி இந்தப் பக்கம் வந்திருக்கிறியளோ?"

"இல்லை அண்ணை."

"ம்" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

பாடும் அறை வீட்டின் பின்பக்கம், நடையின் முடிவில் இருந்தது. யன்னலைக் கல்வைத்துக் கட்டி, சுவர் முழுக்கத் தும்பு மெத்தை அடித்து, அதன்மேல் முட்டை அட்டைகள் ஒட்டியிருந்தார்கள். கதவின் விளிம்பெல்லாம் ரப்பர். கதவு சற்று வளைந்ததால் உள்ளே இருந்து இறுக்க முடியாது. வெளியே கொண்டி போட்டு நெருக்கி, அதன்மேல் ஒரு தடித்த கம்பளத்தைத் தொங்கவிடுவார்கள். பதிவு செய்யும் மெசின் வெளியே நடையில், ஒரு மேசையில். ஒரே கசட்டில் நான்கு ட்ராக் பதியும் மெசின் அது. வயர் மட்டும் கதவுக்குக் கீழால் உள்ளே போயிற்று.

உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை. அதனால் கதவு நிலைக்கு மேலே ஒரு சிவப்பு பல்ப். அதன் சுவிட்ச் அறைக்குள் இருந்தது. பாடுகிறவர் ஆயத்தமானதும் அதைப் போடுவார், வெளியே மெசினை ஓட்டுவார்கள்.

"சிவப்பு பல்ப் எரிஞ்சால் இந்த வீட்டில ஒரு அனக்கம் இருக்கக் கூடாது" என்றார் நாகேந்திரம். "கதைக்கிறேல்லை, செருப்போட நடக்கிறேல்லை. வீடு பத்தி எரிஞ்சாலும் கதவைத் திறக்கிறேல்லை."

நேசமலர் தலையாட்டினாள். அந்தச் சட்டம் அவளுக்கு மனப்பாடம். எட்மன் வீட்டில் அதே குரலில் சொல்லிக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பான்.

ரயில் போயிற்று. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. ஸவாஹிர் அவளை உள்ளே கூட்டிப்போய் மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்தி, ஹெட்போனைக் கொடுத்தான். நாகேந்திரம் வாசலோடு நின்றுகொண்டார். கதவு மூடியது. கொண்டி விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

வெளியுலகத்தைக் கத்தரித்து எடுத்ததுபோல் இருந்தது. தன் மூச்சுச் சத்தமே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. காற்று இல்லை. காலுக்குக் கீழே புதுச் சிமெந்துத் தரை, அந்தப் புழுக்கத்திலும் குளிர்ந்தது.

சுவிட்சைப் போட்டாள்.

ஹெட்போனுக்குள் தம்பி வந்தான்.

தபேலா முன்பே பதிந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்தான். ஆனாலும் அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். தொடங்குமுன் விரல்முட்டியால் தபேலாக் கட்டையில் தட்டுவது அவனுடைய பழக்கம். வீட்டில் மேசை, கதவு, அக்காவின் தலை, எதிலும் அப்படித்தான் தட்டுவான். டக். டக். டக்டக். இரண்டு ஆறுதலாக, இரண்டு சட்டுச்சட்டென்று.

அவள் பாடினாள். 'கடலோரம் நிற்குது ரயில், கையசைக்க ஆளில்லை' என்று தொடங்கும் பாட்டு. அழாமல் முடித்தது பெரிய காரியம். தபேலா நின்றது. கீபோர்ட் நின்றது.

டக். டக். டக்டக்.

கசட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறதாக்கும் என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றினாள்.

டக். டக். டக்டக்.

கூடவே ஒரு வாசம். குழந்தைப் பிள்ளைகளுக்குப் போடும் பவுடர் வாசம். கை வியர்க்காமல் இருக்க எட்மன் உள்ளங்கை நிறைய அதைத்தான் கொட்டிக்கொள்வான்.

கதவு திறந்தபோது அவள் முகம் வெளிறியிருந்ததை நாகேந்திரம் பார்த்தார். ஸவாஹிர் கசட்டைத் திருப்பி ஓடவிட்டான். பாட்டு முடிந்த பிறகும் தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவன் தபேலா ட்ராக்கை அடைத்தான். சத்தம் நிற்கவில்லை. அவள் குரல் பதிந்த ட்ராக்கில் இருந்தது.

"இது மைக் ஸ்டாண்டால ஏறின சத்தம்" என்றான். "கீழ இருந்து வந்தீக்கி."

"ரயிலாய் இருக்கும்" என்றார் நாகேந்திரம்.

"ரயில் எங்க போன? இப்பதானே போய் முடிஞ்ச."

"அப்ப பிள்ளை காலால தாளம் போட்டிருக்கும்." அவர் அவளைப் பார்த்தார். "அந்தத் தட்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், பிள்ளை?"

"நான் தட்டேல்லை அண்ணை."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒருவரில் நம்பிக்கை இல்லை.

ஸவாஹிர் அவளைப் பஸ் தரிப்பு வரை கொண்டுவந்து விட்டான். முடக்கில் பொலிஸ்காரர் மறித்தபோது அவன் சிரித்துக்கொண்டே "அபே கெதர கெனெக், மஹத்தயா" என்றான். எங்கள் வீட்டு ஆள் ஐயா என்றதும் பொலிஸ்காரர் அடையாள அட்டையைக்கூடக் கேட்காமல் விட்டார். நேசமலர் அவனைவிட்டு ஓரடி விலகி நடந்தாள். பொலிஸோடு இவ்வளவு சிநேகமா? அப்படியானால் இவன்தான்.

"மிஸ், ஒண்டு கேக்கவா?" ஸவாஹிர் குரலைத் தாழ்த்தினான். "நாகேந்திரம் அண்ணன் அந்த ரூமுக்குள்ள கால் வைக்கிறதே இல்ல, பாத்தீங்களா? முந்தி அதுக்குள்ளயேதான் கிடப்பார். நான் பேருவளைக்கு ஒரு மௌத்து வீட்டுக்குப் போய் ஒரு கெழமயால வாரன், தரைக்குப் புதுசாச் சிமெந்து. கேட்டா கறையானாம்."

"எப்ப போனீங்கள், நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் சொல்லாலேயே அவளும் அவனை அழைத்தாள்.

"அந்த ரவுண்டப் நேரம்தான்."

பழியை அடுத்தவர் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள். பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, மனதுக்குள் மறைத்து வைத்திருந்த அந்த ஒரு சாட்சியை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

எட்மன் காணாமற்போன அன்று அவள் அந்த வீட்டுக்கு வந்திருந்தாள். முதல்நாள் போனவன் இரவு தங்கிவிட்டான், சாப்பிட்டிருக்க மாட்டான் என்று சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு மத்தியானம் வந்தாள். ஒழுங்கை வெறிச்சென்று கிடந்தது. வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தவள் நடையின் முடிவில் சிவப்பு பல்ப் எரிவதைக் கண்டு அப்படியே அடங்கிப்போனாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மெசின் மேசையடியில் யாரும் இல்லை, எல்லோரும் உள்ளே நின்று பாடிப் பழகுகிறார்களாக்கும் என்று நினைத்தாள். கோயிலில் நற்கருணைக்கு முன் எரியும் சிவப்பு விளக்குக்கு முன்னால் இருப்பதுபோல் சத்தமில்லாமல் கதிரையில் இருந்தாள்.

பல்ப் அணைந்தது, எரிந்தது. மறுபடி அணைந்தது, எரிந்தது. பிழைத்துப் பிழைத்துத் திரும்பப் பாடுகிறார்கள் போலும் என்று அவள் சிரித்துக்கூடக் கொண்டாள். நெடுநேரம் இருந்து பார்த்துவிட்டு, பார்சலைக் கதிரையில் வைத்து, கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

ஆகவே அன்று றெக்கோடிங் நடந்தது. ஆட்கள் உள்ளே இருந்தார்கள். நடக்கவேயில்லை என்று சொல்கிற வாய் எதையோ மறைக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு மறுபடி போனாள். இம்முறை ஸ்டாண்டுக்குக் கீழே ஸவாஹிர் பஞ்சு வைத்தான். தபேலாவை ஹெட்போனில் விடவேண்டாம், குரலை மட்டும் தனியாக எடுங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டாள். தட்டுவது யார் என்று பார்த்துவிட வேண்டும். இவர்களில் ஒருவன் தன்னை ஆழம் பார்க்கிறான் என்றுதான் இன்னமும் நம்பினாள்.

கதவு மூடியது.

அவள் சுவிட்சில் கை வைக்கவில்லை. சும்மா நின்றாள்.

பவுடர் வாசம் வந்தது. முதலில் இலேசாக. பிறகு தொண்டை கரகரக்கும் அளவுக்கு.

டக். டக்.

சுவரிலிருந்து வரவில்லை. கதவிலிருந்தும் வரவில்லை. பாதத்தில் உணர்ந்தாள்.

டக்டக்.

அவள் முழந்தாளில் இருந்து, விரலால் சிமெந்தில் அதேபோலத் தட்டினாள். சற்று நேரம் ஒன்றுமில்லை.

பிறகு சரியாக அவள் விரலுக்குக் கீழே, பதில் வந்தது.

"தம்பி?" என்றாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். யாரும் தொடாத சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

ஏறியது.

இறங்கியது.

ஏறியது. பிறகு சட்டுச்சட்டென்று, இறங்கி ஏறி, இறங்கி ஏறி.

அவள் பாய்ந்துபோய்க் கதவில் அடித்தாள். "திறவுங்கோ! நாகேந்திரண்ணை! நானா! கதவைத் திறவுங்கோ!" மெத்தை அவள் கையையும் விழுங்கியது, குரலையும் விழுங்கியது. தலையணையில் குத்துவதுபோல இருந்தது. சுவிட்ச் தன்பாட்டில் அடித்துக்கொண்டேயிருந்தது. வெளியே பல்ப் எரிந்து எரிந்து அணையும். அவர்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, செருப்பைக்கூட அசைக்காமல், மரியாதையாக இருப்பார்கள்.

எரிந்தால் திறக்கக் கூடாது.

அந்த இடத்தில்தான் அவளுக்கு விளங்கியது. தலையிலிருந்து கால்வரை, ஒரேயடியாக விளங்கியது. கதவில் அடித்த கை தானாகக் கீழே விழுந்தது.

இந்த அறையிலிருந்து வெளியே போகக்கூடியது அந்தச் சிவப்பு வெளிச்சம் ஒன்றுதான்.

கதவு திறந்தது. ஸவாஹிர் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றான். "மைக்கில கத்துற சத்தம் கேட்டிச்சு. என்னா மிஸ், என்னா நடந்த?" அவளுக்கு மைக் இருந்தது, மெசின் ஓடிக்கொண்டிருந்தது. எட்மனுக்கு அதுகூட இருக்கவில்லை.

அவள் ஸவாஹிரைத் தள்ளிக்கொண்டு போய் நாகேந்திரத்துக்கு முன் நின்றாள்.

"நான் எட்மன்ர அக்கா."

நாகேந்திரம் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் காணாமற்போன அண்டைக்கு மத்தியானம் நான் இஞ்ச வந்தனான். சிவப்பு பல்ப் எரிஞ்சது. அவனை உள்ளுக்க விட்டுக் கொண்டி போட்டது ஆர்? சொல்லுங்கோ அண்ணை. நீங்களோ, ஸவாஹிர் நானாவோ?"

"நான் பேருவளையில" என்றான் ஸவாஹிர். "அல்லாவே."

 நாகேந்திரம் கிசுகிசுவென்று சொன்னார்.

"விடியக்காலமை ரவுண்டப். அவனுக்கு உங்கட வீட்டிலதான் பதிவு, இஞ்ச இல்லை. கண்டால் கொண்டு போயிடுவாங்கள். உள்ளுக்க விட்டுக் கொண்டியைப் போட்டு, கம்பளத்தை இழுத்துவிட்டனான். கொஞ்ச நேரம்தானே எண்டு நினைச்சன். ஒழுங்கை ஆம்பிளையள் எல்லாரோடையும் என்னையும் லொறியில ஏத்திப்போட்டாங்கள். உள்ளுக்க ஒருத்தன் இருக்கிறான் எண்டு எந்த வாயால சொல்லுவன்? இப்ப விடுவாங்கள், இப்ப விடுவாங்கள் எண்டு... ரெண்டு இரவு. அதுக்குள்ள ஆரும் வருவினம், பல்ப்பைக் கண்டால் திறப்பினம் எண்டு மாதாவையும் பிள்ளையாரையும் கும்பிட்டன். வந்து திறந்தன். சுவிட்சுக்குப் பக்கத்தில இருந்தான். கையைச் சுவிட்சில இருந்து எடுக்கேலாமல் கிடந்தது." தரையைக் காட்டினார். "பயந்திட்டன் பிள்ளை. இப்பிடி ஒரு வேலை செய்திட்டன்."

ஸவாஹிர் தலையில் கை வைத்தபடி நடையில் குந்திவிட்டான். நாகேந்திரம் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்ததன் காரணம் இப்போதுதான் வெளியே வந்தது.

"நான் திரும்பி வரேக்க முன்கதவு இழுத்துச் சாத்திக் கிடந்தது. இந்தக் கதிரையில ஒரு சோத்துப் பார்சல். எறும்பு மொய்ச்சுக் கிடந்தது. ஆரோ வந்து பாத்திட்டுப் போயிருக்கினம். அண்டையில இருந்து இந்த வீட்டு வாசலில வாற எல்லாரையும் நான் அதை நினைச்சுத்தான் பாக்கிறன். அது நீங்களோ?"

"ஓம்."

"அப்ப அவன் உயிரோட இருந்திருக்கிறான்."

அவள் திரும்பி அந்தச் சிவப்பு பல்பைப் பார்த்தாள்.

"பிறகேன் பிள்ளை, திறக்கேல்லை?"

அந்தக் கேள்விக்குப் பதில் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித் தந்தவரே கேட்டுக்கொண்டு நின்றார். நேசமலர் நடையில் விழுந்து, மூன்று மாதமாகப் பிடித்துவைத்திருந்த அழுகை முழுவதையும் அழுதாள்.

தரையைப் பொலிஸ்தான் உடைத்தது. நாகேந்திரம் ஒரு வார்த்தை மறுக்காமல் அவர்களோடு போனார். பொலிஸில் பகல் முழுக்க அவளுக்காகச் சிங்களத்தில் கதைத்துக் கதைத்து, சவப்பெட்டிக்கும் வாடகை வானுக்கும் அலைந்தவன் ஸவாஹிர். அவனைச் சந்தேகித்ததை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். பொரளை கனத்தை மயானத்தில் எட்மனை அடக்கம் செய்தபோது அவனும் ஒரு பிடி மண் போட்டான். அந்தக் கசட்டை அவளிடம் கொடுத்தான். அவள் அதைப் போட்டுக் கேட்கவில்லை.

நல்லபடி மண்ணில் போட்டாயிற்று, குருவானவர் செபித்தாயிற்று, இனி அவன் ஆறுதலாக இருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஞாயிறு பூசையில் மறுபடி பாடகர் குழுவோடு நின்றாள். கோயில் நிறையச் சனம். காலை வெயில் கண்ணாடி வழியே விழுந்திருந்தது. நற்கருணைப் பேழைக்கு முன்னால் சிவப்பு விளக்கு எப்போதும்போல எரிந்தது. முன்பு எண்ணெய் விளக்கு, இப்போது பல்ப். இரவும் பகலும் அணையாது.

நடுப்பாட்டில் அது அணைந்தது.

எரிந்தது.

கரண்ட் கோளாறு என்று பக்கத்தில் நின்றவள் முணுமுணுத்தாள். மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன, காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்தன.

ஆறுதலாக இன்னொருதரம். பிறகு சட்டுச்சட்டென்று இரண்டு.

பவுடர் வாசம் வந்தது.

நேசமலர் பாட்டை விட்டாள். புத்தகம் கையிலிருந்து விழுந்தது. சனங்களை விலக்கிக்கொண்டு, செருப்பு டக்டக்கென்று சத்தம் போட, பீடத்தை நோக்கி ஓடினாள். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரோ கையைப் பிடித்தார்கள். "விடுங்கோ, திறக்க வேணும்" என்று கத்தினாள். "அவன் கூப்பிடுறான், விடுங்கோ!"

பேழையின் சிறு கதவைத் தவிர அங்கே திறப்பதற்கு ஒரு கதவும் இருக்கவில்லை. விளக்குக்குக் கீழே வெறும் சுவர்.

விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டேயிருந்தது.